பிளக்கை மாற்றினது நான்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் கரண்ட் வேலை பார்த்தேன். ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், ஏசி எல்லாம் என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொம்பியூட்டர் தெரியாது. ஆனால் அது இருந்த அறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம்தான் இருந்தது.

அறையில் ஒரு கறுப்புப் பெட்டி. சேர்வர். ஒரே பெட்டிக்குள் நாலு கொம்பியூட்டர் ஓடுகிறது என்று அதைத் திருத்த வருகிற காத்தான்குடித் தம்பி சொன்னார். வேர்ச்சுவல் மெஷின் என்று பெயராம். அறைப்பதிவுக்கு ஒன்று, கமராக்களுக்கு ஒன்று, குசினிச் சமையலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. எழுதுகிற டிஸ்க் மட்டும் நாலுக்கும் பொது. கமரா ஓயாமல் எழுதும். பதிவு அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

உண்மையில் நின்றது வரவேற்பு மேசைப் பிள்ளை. கிரானிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒரு பெயரைப் பதிந்தால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வந்தவர்கள் பையும் கையுமாக நிற்பார்கள். முகாமையாளர் இவளைத்தான் ஏசுவார். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று கிழமை இருந்தது. வீட்டில் உழைக்கிறது அவள் ஒருத்திதான்.

தம்பி வந்து இரண்டு நாள் வேலை செய்தார். கமராவுக்குப் புதிதாக ஒரு டிஸ்க் போட்டார். பிறகு கேஷ் என்று ஒன்றைத் திறந்துவிட்டார். எழுத வந்ததைப் பெட்டி முதலில் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, 'பதிவாகிற்று' என்று சொல்லிவிடுமாம். டிஸ்கில் பிறகு ஆறுதலாக, மெல்ல மெல்ல எழுதுமாம். இடையில் கரண்ட் போனால் நினைவில் இருந்தது போச்சாம். அதற்குத்தான் பற்றரியில் தாங்கிப் பிடிக்க யூ.பி.எஸ் இருக்கிறதே என்றார்.

அடுத்த நாள் தொடக்கம் வட்டம் சுற்றவில்லை. பிள்ளை எனக்கு ஒரு பிளேன்டீ அனுப்பினாள். அதற்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. குடித்தேன்.

நாலைந்து நாள் போக யூ.பி.எஸ் கத்தத் தொடங்கியது. புது டிஸ்க்கால் சுமை கூடிப்போச்சு. சத்தத்தை நிற்பாட்டச் சொன்னார் முகாமையாளர். பெட்டியின் பிளக்கை யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றிச் சுவரில் சொருகினேன். சத்தம் நின்றது. பச்சை லைட் எரிந்தது. யாருக்கும் சொல்லவில்லை. மறந்தும் போனேன்.

ஒரு மத்தியானம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பிள்ளை பதிந்து அறைத் திறப்பைக் கொடுத்தாள். அவர்கள் படியேறும்போதே கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கப் பத்து செக்கன். திரை திரும்ப வருமுன் அவள் சாப்பிடப் போனாள். பிறகு முகாமையாளர் திரையைப் பார்த்தார். அந்த அறை காலி என்று காட்டியது. வெள்ளைக்காரச் சோடி ஒன்றுக்கு அந்த அறையின் மற்றத் திறப்பைக் கொடுத்தார். அவர்கள் கதவைத் திறக்க, உள்ளே ஒரு மனிசன் துவாயோடு நின்றிருக்கிறார்.

முகாமையாளர் பிள்ளையைக் கூப்பிட்டார். பதியாமல் திறப்பைக் கொடுத்தாய் என்றார்.

"பதிஞ்சனான் சேர். பதிவாகிற்று எண்டு காட்டினது."

அவர் தம்பிக்குப் போன் எடுத்தார். யூ.பி.எஸ் இருக்கும்போது எதுவும் அழியாது, பிள்ளை பதிந்திருக்க மாட்டா என்று தம்பி சொன்னார். போனில் அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று பிள்ளையிடம் சொன்னார் முகாமையாளர். பிள்ளை அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

யூ.பி.எஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு பிளக் நினைவுக்கு வந்தது.

"சேர், பெட்டி அதில இல்ல. சுவரில இருக்கு. மாத்தினது நான்," என்றேன்.

அவர் நம்பவில்லை. இவளைக் காப்பாற்றக் கதை விடுகிறேன் என்றார்.

"அப்ப நீங்களே ஒரு பேரைப் பதியுங்க. உங்கட பேரெண்டாலும் பரவாயில்ல."

மேசைக்கு முன் இருந்து தன் பெயரைப் பதிந்தார். 'பதிவாகிற்று' என்று காட்டியது. நான் போய் மெயின் சுவிச்சைத் தட்டி நிற்பாட்டினேன். திரும்பப் போட்டேன். பெட்டி எழும்ப ஏழெட்டு நிமிசம். திரை வந்தது. முகாமையாளரின் பெயர் இல்லை. இரண்டு தரம் தேடினார்.

எழும்பினார். போய் மேசையில் இரு என்று பிள்ளைக்குக் கையால் காட்டினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். ஒப்பம் வைத்தேன். அது சரிதான்.

தம்பி அடுத்த நாளே வந்தார். பிள்ளையிடம் போய் மன்னிப்புக் கேட்டார். பெரிய யூ.பி.எஸ் வருமட்டும் பதிவுக்கு எழுதுகிற கேஷை நிற்பாட்டினார்.

"வாசிக்கிறதக் கேஷ் வச்சுக் கெதியாக்கலாம் அண்ணன். கரண்ட் போனாலும் அது டிஸ்கில இருக்கும். எழுதுறது நேர டிஸ்குக்கே போகட்டும்," என்றார்.

கமரா வேறு டிஸ்கில் எழுதியதால் வட்டம் முன்னைப்போல் அவ்வளவு சுற்றவில்லை. கொஞ்சம் சுற்றியது. முகாமையாளர் ஏசவில்லை.

பிள்ளைக்கு வேலை நிரந்தரக் கடிதம் கிடைத்தது. அன்று ஜெனரேட்டர் அறைக்கு வந்தாள்.

"அண்ணன், நான் பதியல்ல எண்டு நீங்களும் நினைச்சீங்களா?"

"இல்ல," என்றேன்.

பொய். அவளைக் கூப்பிட்டு ஏசியபோது, பதிய மறந்திருப்பாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிற்று என்று போனாள்.