படத்தில் இல்லாத சித்தி

டீச்சருக்குச் சில நாளாகவே முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை. வீட்டில் படுத்த படுக்கையாய் மாமனார், பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார், நாத்தனாரின் வாண்டுகள். எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிர்தான் இரண்டாம் வகுப்புக்கு.

படம் பார்த்து எழுதும் பாடம். மேலிடத்திலிருந்து வரும் படங்களில் எல்லாரும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் "இது அப்பா. இது அம்மா. இது நாய்" என்று எழுதி வைப்பார்கள், ஒன்றைப் பார்த்து ஒன்று ஈயடிச்சான் காப்பி. திருத்தித் திருத்தி அவளுக்கு அலுத்துவிட்டது. அந்த நாய்க்கே அலுத்திருக்கும்.

சுண்டெலி என்று பட்டப்பெயர் வாங்கிய சிறுமி அதைக்கூட எழுத மாட்டாள். வாய் ஓயாது, பென்சிலைக் கொடுத்தால் சிலை. "எல்லாந்தான் படத்துலயே இருக்கே டீச்சர், நான் வேற எதுக்கு எழுதணும்?" வருஷம் பாதி ஓடியும் நோட்டில் ஒரு வரி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் தம்பி பக்கத்தில் உட்கார வேண்டியதுதான் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டார். "வா வா, உனக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்" என்று தம்பி இப்போதே சீண்ட ஆரம்பித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. டீச்சர் ஸ்டூலில் ஏறிப் படத்தின் ஒரு பக்கத்தைச் சுவரில் பின் குத்தினாள். மறுபக்கம் குத்த மறுபடி ஏற வேண்டும். முழங்கால் முடியாது என்றது. சுருட்டியே கிடந்த தாள் பாதிவரை சுருண்டுகொண்டது. சுருளுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் பையோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், படம் சுருட்டிக்கிச்சு!"

"சுருட்டிக்கட்டும். தெரியிறத எழுதுங்க, தெரியாததையும் எழுதுங்க. என்னால முடியல கண்ணுங்களா."

"அது திருடன் கைடா!"

"போடா, உங்க மாமா கை!"

டீச்சர் மேசையில் தலை சாய்த்தாள். நிமிர்ந்தபோது சுண்டெலி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரிய டீச்சர் வந்து நோட்டை வாங்கி வாசித்தார். "அது சித்தி கை. பை எல்லாம் சித்திதான் தூக்கிட்டு வந்தாங்க. கால் வலிக்குது. அதனால போட்டோவுக்கு சிரிக்கல."

அவர் போய்ச் சுருளை விரித்துப் பிடித்தார். உள்ளே அப்பா, பல் தெரியச் சிரித்தபடி.

"சித்தி எங்கம்மா இதுல? அப்பால்ல நிக்கிறாரு!"

சுண்டெலியின் முகம் சுண்டிப்போனது. ரப்பரை எடுத்து அழிக்கப் போனாள். டீச்சர் மேசையைப் பிடித்து எழுந்து வந்து ரப்பரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அழிக்காதடி. மேடம், தப்பாவே இருக்கட்டும். எழுத மாட்டேங்குறான்னுதானே கீழ இறக்கச் சொன்னீங்க? எழுதிட்டாளே."

"ஒவ்வொரு படத்துலயும் இப்படி ஒரு சித்தி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும் மேடம். பை தூக்க ஆள் வேணும்ல."

பெரிய டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சரி, இங்கயே இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

"நோட்டைக் குடுங்க டீச்சர், இன்னும் முடியல" என்றாள் சுண்டெலி. "சித்தி வீட்டுக்குப் போகணும்ல?"

"போகட்டும்" என்றாள் டீச்சர், முழங்காலைத் தடவிக்கொண்டே. "போனதும் யாரும் கூப்பிடக் கூடாதுன்னு எழுது."