கோட்டில் எழுந்த மேடு

அந்த ஆய்வகத்துக்கு வந்தவர்களெல்லாம் நாலைந்து வருடம் இருந்து, பட்டம் வாங்கியதும் கம்பி நீட்டிவிடுவார்கள். நீட்டாமல் இருந்தவள் கம்பியக்கா ஒருத்திதான். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே நுண்ணோக்கி. நகத்தளவு காந்தப் படலத்தின்மேல் தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசை தொட்டு ஒட்டுவது அவள் வேலை. ஒரு தும்மல் வந்தால் அரைநாள் உழைப்பு காற்றோடு போய்விடும்.

வீடென்று இருந்தது மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. அம்மா போன பிறகு அங்கே அவளைக் கூப்பிட ஆளில்லை. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "பாக்க வந்தவங்க எல்லாரும் நல்லாப் பாத்துட்டுதான் போனாங்க" என்று சிரிப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூடிய வாய் திங்கட்கிழமை காலையில்தான் திறக்கும்.

அப்படிப்பட்டவளுக்குப் பேச்சுத்துணையாக வாய்த்தாள் ஓர் ஆய்வாளர். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்று, நாற்பதை நெருங்கும்போது படிக்க வந்தவள். மதியம் இருவருக்கும் ஒரே மேசை. "நீங்க ஒட்டினா மின்சாரம்கூட மரியாதையாப் போகுதுக்கா" என்பாள். கம்பியக்காவுக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பொழுது விடிந்தது.

ஆய்வாளர் எடுத்துக்கொண்ட படலம் விசித்திரமானது. சாதாரணக் காந்தத்துக்குள் இருக்கும் நுண்ணிய காந்த முட்கள் ஒரே திசை பார்த்து நிற்கும். இதிலோ திருகாணியின் மரைபோல ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். சில நேரம் குட்டிக்குட்டிச் சுழல்களாகவும் சுருண்டுகொள்ளும். அந்தச் சுழலைப் பிடிக்க ஒரு வழி, படலத்தைக் குளிரவைத்து, மின்சாரம் செலுத்தி, காந்தப் புலத்தை ஏற்றி இறக்கி, குறுக்கே எழும் மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து பார்ப்பது. சுழல் இருந்தால் கோட்டில் ஒரு மேடு எழும்.

மூன்றாம் வருடம் மேடு எழுந்தது. பேராசிரியர் அந்தக் கோட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். கட்டுரையும் ஆய்விதழுக்குப் போய்விட்டது.

கம்பியக்காவுக்கு மட்டும் மனம் அரித்தது. கம்பி ஒட்டும்போது அந்தப் படலத்தின் ஓரம் வேறு நிறமாகத் தெரிந்திருந்தது. படலம் படியும்போது கிளிப் பிடித்திருந்த பக்கம் அது. அங்கே படலம் மெலிந்திருக்கவேண்டும். நமக்கேன் வம்பு என்று மூன்று நாள் வாயைக் கட்டிப் பார்த்தாள். நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"அது ஒரு படலம் இல்லம்மா, ரெண்டு. ஓரம் மெல்லிசு, நடுவு தடிப்பு. ரெண்டும் வேற வேற புலத்துல திரும்பினா, சேத்து அளக்கறப்போ சுழலே இல்லாம மேடு வந்துடுமோன்னு பயமா இருக்கு. வெட்டித் தனித்தனியா அளந்துடுவோமே."

ஆய்வாளரின் கை பாதியில் நின்றது. "கட்டுரை போயாச்சுக்கா."

"அச்சுல ஏறலையே."

இருவரும் போய்ச் சொன்னதும் பேராசிரியர் யோசித்து, "வெட்டுங்க" என்றார். கம்பியக்காவே வெட்டி, இரண்டு துண்டிலும் புதிதாகக் கம்பி ஒட்டினாள். நடுத்துண்டின் கோடு மேலே ஏறியது. ஓரத்துண்டின் கோடு தலைகீழாகக் கீழே இறங்கியது. இரண்டிலும் மேடு இல்லை. கணினியில் இரண்டையும் கூட்டியதும் கிட்டத்தட்ட அதே மேடு எழுந்து நின்றது.

"நல்லவேளை" என்றார் பேராசிரியர். குரலில் ஈரமில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

"நீங்க சொன்னது சரிதான்," என்றாள் ஆய்வாளர், நுண்ணோக்கி அறை வாசலில் நின்று. "ஆனா உங்களுக்கு என்ன? நாளைக்கு இன்னொரு படலம் வரும். எனக்குப் போனது மூணு வருஷம்க்கா."

மறுநாளிலிருந்து ஆய்வாளர் வேறு மேசையில் சாப்பிட்டாள். சண்டையில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. படலங்கள் மட்டும் டப்பியில் சீட்டோடு வந்தன: 'ஆறு கம்பி. நன்றி.' கம்பியக்கா தன் சாப்பாட்டை நுண்ணோக்கி அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். தான் செய்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, சோறு இறங்கவேண்டுமே.

பொய் மேடு எப்படி எழுகிறது, மெய் மேட்டிலிருந்து அதைப் பிரிப்பது எப்படி என்பதையே ஆய்வாக்கி, ஒன்றரை வருடத்தில் ஆய்வாளர் முடித்துவிட்டாள். வாய்மொழித் தேர்வன்று கம்பியக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "இதை முதல்ல கவனிச்சது எங்க கம்பியக்கா" என்று ஆய்வாளர் சொன்னபோது, யார் யார் என்று சிலர் திரும்பினார்கள். கம்பியக்கா குனிந்து செருப்பைச் சரிசெய்தாள்.

வெளியே கூட்டத்துக்கு நடுவில் ஆய்வாளர் அவள் கையைப் பிடித்தாள். "அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா. வேலை கிடைச்சிருக்கு, வெளிநாடு. போறதுக்குள்ள ஒருநாள் பிள்ளைங்களோட வீட்டுக்கு வரேன்."

"வாம்மா, கண்டிப்பா வா."

அந்த வாரம் கம்பியக்கா அறையைத் துடைத்து, திரைச்சீலை துவைத்து, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டாள். அடுத்த வாரமும் நாற்காலிகள் அப்படியே இருந்தன. புதன்கிழமை பேராசிரியர் போகிற போக்கில், "நேத்தே விமானம் ஏறிட்டாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

"பெட்டி கட்டுற அவசரத்துல விட்டுப்போயிருக்கும் சார். நல்லா இருக்கட்டும்."

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இறங்கவேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இறங்கி, வந்த வழியே நடந்தாள்.