நூல் அறுந்ததா, ராணி?

காலை ஏழு மணிக்குப் பதுளை பஸ் நிலையத்தில் ஏறினேன். ரயிலில் மலைகளைப் பார்த்தபடி வரலாம் என்று திருச்சியில் போட்ட திட்டம் கொழும்பிலேயே கவிழ்ந்துவிட்டது. மண்சரிவில் தண்டவாளம் மூடிக்கிடந்தது. இரவெல்லாம் ஒரு பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்கி, விடிந்ததும் இன்னொரு பஸ். தெமோதரைக்கு எழுபது ரூபாய். ஹாலிஎல தாண்டியதும் சாலையோரத்தில் மலை பாதியாய்ச் சரிந்து, சிவப்பு மண் பள்ளம்வரை இறங்கியிருந்தது.

"போன மாசம் வந்ததுங்க. அந்த எடத்துல ஒரு கடை இருந்துச்சு" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். கடையில் ஆட்கள் இருந்தார்களா என்று கேட்க வாய் வரவில்லை. நம்ம ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கிறதே என்று அதுவரை சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தோடு அது போயிற்று.

நான் இணையவழியில் ஸ்பானிஷ் சொல்லித்தருபவள். என் மாணவி செல்வராணி தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பகலெல்லாம் கொழுந்து எடுத்துவிட்டு, மாலையில் கைப்பேசியில் பாடம் படிக்கிறாள். எல்ல என்ற சுற்றுலா ஊரில் ஸ்பெயின்காரப் பெண்மணி ஒருவர் நடத்தும் விடுதியில் வேலைக்கு அன்று பிற்பகல் இன்டர்வியூ. அதற்குத் துணையாகத்தான் நான் வந்தது. வேலையோடு தங்க ஓர் அறையும் உண்டு. ராணிக்கு வேண்டியது அந்த அறைதான், அம்மாவோடு அங்கே போய்விடுவதற்கு. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது.

ஓட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை ஏறி நடந்தேன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அதுதான் லயம். ராணி தலையில் துணி கட்டியபடி எதிரே வந்தாள்.

"வாங்க டீச்சர். தேத்தண்ணி அப்புறம் குடிப்போம். மொதல்ல இதப் பாருங்க."

பின்பக்கம் கை நுழையும் அகலத்தில் ஒரு வெடிப்பு, தேயிலைச் செடிகளுக்குள் வளைந்து போனது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியாக அறைந்து, நடுவே விறைப்பாக நூல் கட்டியிருந்தார்கள். நிலம் நகர்ந்தால் நூல் அறும். அறுந்தால் லயமே எழுந்து ஓட வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாக ராணிதான் அதைப் பார்க்கிறாள்.

"ஏம்மா, இங்கேயே ஏன் இருக்கீங்க?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஸ்கூல்ல கொண்டு வச்சாங்க டீச்சர். அப்புறம் ஸ்கூல் தொறக்கணும்னு அனுப்பிட்டாங்க. வேற எங்க போறது?"

உள்ளே அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியாது, முழங்காலும் போய்விட்டது. "இவளுக்கு அந்த ரூம் கெடச்சிருமாங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

எல்லக்குப் போகும் பஸ்ஸில் கடைசிப் பாடத்தைத் திருப்பிப் பார்த்தோம். இன்று, இன்று காலை, இந்த வாரம், ஏற்கெனவே, இன்னும் இல்லை என்ற சொற்கள் வரும்போது ஸ்பானிஷில் இறந்தகாலத்துக்கு ஒரு தனி வடிவம் உண்டு. நாள் இன்னும் முடியாமல் நம் கையில் இருக்கிறது என்பது அதன் கருத்து. நேற்று என்றால் வேறு வடிவம், அது முடிந்துபோன சங்கதி. என் திருச்சிப் பிள்ளைகள் இதற்கு இட்லியும் காபியும் வைத்து வாக்கியம் எழுதுவார்கள். ராணியையும் அப்படியே பழக்கியிருந்தேன்.

விடுதி அழகாகத்தான் இருந்தது. மார்த்தா என்ற அந்தப் பெண்மணி நல்ல மாதிரி. புதிதாகப் படிப்பவர்களிடம் எல்லோரும் கேட்பதையே அவரும் ஸ்பானிஷில் கேட்டார்: "இன்று என்னென்ன செய்தாய்?"

இட்லி வரும் என்று நான் காத்திருந்தேன். ராணி நிதானமாகச் சொன்னாள்: "இன்று காலை நூலைப் பார்த்தேன். இன்னும் அறுந்துபோகவில்லை. இந்த வாரம் மலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அம்மாவுக்குச் சோறு ஊட்டினேன்." மலைக்கும் நூலுக்கும் ஸ்பானிஷ் சொல் நான் கற்றுக்கொடுத்ததில்லை. தானாகத் தேடி எடுத்திருக்கிறாள்.

மார்த்தா என்னைப் பார்த்தார். எந்த நூல் என்று கேட்டார். ராணியே விளக்கினாள். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. வேலை உனக்குத்தான் என்றார். அறையைக் காட்டினார். இரண்டு பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள், மூன்றாவது கட்டில் ஒன்று காலியாக இருந்தது. அம்மாவை அழைத்து வரலாமா என்று ராணி கேட்டாள். மார்த்தா கட்டில்களுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, இடமில்லை என்றார். அவரை வைய எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அந்த அறையில் நான்காவது கட்டில் போட உண்மையிலேயே வழியில்லை.

"வேலைக்கு வாறேன். ரூம் வேணாம்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள் ராணி, தமிழில். அன்று நான் மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் தெமோதரையில் அவள் இறங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. "கட்டில் காலியாத்தானே இருக்கு, நீயாவது தங்கேன்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மாவுக்குக் கண்ணு தெரியாதே டீச்சர். நூல யாரு பாக்குறது?" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

திருச்சிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே மலை என்று இருப்பது உச்சிப்பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் ஒற்றைப் பாறை. அது நகருமா என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது காலையில் காபி போடுமுன் கைப்பேசியைப் பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்பும் முன் ராணி ஸ்பானிஷில் இரண்டே சொல் அனுப்புவாள்: "இன்னும் இல்லை." வகுப்பில் அந்தச் சொற்களை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இப்போது அதைப் படித்த பிறகுதான் காபியைக் குடிக்கிறேன்.

இன்று பதுளைப் பக்கம் கனமழை என்று செய்தியில் சொன்னார்கள். காபி ஆறிப்போய்விட்டது. ராணியிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.