கார் ஷெட்டுக்கு இழுத்த கரண்ட்

மில்லை மூடியபோது என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தொரு வயது. பதினேழு வருடம் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ராஜபாளையத்தில் வேறு மில்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே நாளில் அத்தனை பேர் வெளியே வந்து நின்றால் யார் யாருக்கு வேலை கொடுப்பார்கள்? சில மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தவர், ஒரு நாள் காலையில் கார் ஷெட்டைத் திறந்து கூட்டினார். மாமனார் காலத்துக் கார் எப்போதோ போய்விட்டது. உள்ளே பழைய டயரும் எலிப் புழுக்கையும்தான்.

"பேண்டேஜ் துணிய வேகவச்சு வெளுத்துக் குடுப்போம். இந்த ஊர்ல அதுக்கு ஆளு தேடிக்கிட்டு இருக்காவ," என்றார்.

தறியிலிருந்து வரும் துணியில் கஞ்சி இருக்கும். சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்கி, வெளுத்து அலசினால்தான் புண்ணில் வைக்க ஆகும். எல்லாம் வெந்நீர் வேலை. விறகடுப்பு போட்டால் என்ன என்று கேட்டேன். கூரை தாழ்வு, வெளுத்த துணியில் கரி படியும் என்றார். கரண்ட்தான் என்று முடிவாயிற்று.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஹீட்டருக்கு எவ்வளவு இழுக்கும், துணி பிழியும் மோட்டாருக்கு எவ்வளவு, தண்ணீர் ஏற்ற எவ்வளவு. வீட்டு லைன் தாங்காது, த்ரீ பேஸ் வேண்டும். கசியும் கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்க, ஷெட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் கொட்டி எர்த் குழி. எதையும் விடவில்லை. தெரியாமல் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு வழியே கிடையாது.

கரண்ட் ஆபீஸில், புதுக் கம்பம் நட்ட பிறகுதான் லைன் வரும், நாளாகும் என்றார்கள். அதற்குள் ஒரு வியாபாரி முதல் லோடு துணியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். திருப்பி அனுப்பினால் இன்னொரு முறை வரமாட்டார். என் வீட்டுக்காரர் வீட்டு லைனிலிருந்தே ஒரு வயர் இழுத்து, இரும்புத் தொட்டியில் ஹீட்டரைப் போட்டார். எர்த் குழி பாதி தோண்டியபடி கிடந்தது. அடியில் பாறை.

"ஞாயித்துக்கெழம ஆள் வச்சு உடைச்சிருவோம்," என்றார்.

வேலைக்கு ஒரு பெண் வந்தாள். அதே மில்லில் நூல் சுற்றியவள், முப்பது வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். சிரிக்கத் தெரிந்த பெண். ஈரத் துணியைத் தூக்கி உதறினால் அம்புட்டுப் பலம். இரண்டாம் நாள் அடுப்படிக்கு வந்து, "எக்கா, தொட்டியத் தொட்டா சுருக்குன்னு கடிக்குது," என்றாள்.

அவரிடம் சொன்னேன். டெஸ்டரை வைத்துப் பார்த்தார். சின்னதாக எரிந்தது. ஹீட்டரைக் கழற்றினால் அன்றைய துணி பாதி வேக்காட்டில் நின்றுபோகும். ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்டு, "இது மேல நின்னு செய்யி, ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாளு பொறுத்துக்க," என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஏதோ விழுந்த சத்தம் கேட்டுப் போனேன். தரையெல்லாம் தண்ணீர். பலகை தள்ளிப்போய்க் கிடந்தது. தொட்டி விளிம்பைப் பிடித்தபடி அவள் சரிந்திருந்தாள், விரல் விடவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். கை அப்போதுதான் விட்டது. ஆஸ்பத்திரியில் நாடி பார்த்த டாக்டர், உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்.

மத்தியானம் போலீஸ் வந்தது. "சுவிட்ச அணைச்சிட்டுத்தான் தொடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார்," என்றார் என் வீட்டுக்காரர். ஏட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தானாம்மா?"

"ஆமா," என்றேன்.

அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பெண் கவனக்குறைவாக இருந்தாள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பம் நட்டு, த்ரீ பேஸ் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். பிறகு அவருக்கு வேறொரு மில்லில் வேலை கிடைத்தது. வீட்டில் நாங்கள் உப்பு, புளி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் தவிர வேறு பேசவில்லை. ஒரு தடவை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, "நீ ஆமான்னு சொல்லலேன்னா என்னய உள்ள வச்சிருப்பாவ," என்றார். நன்றி சொன்னாரா, குற்றம் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவரிடம் சொல்லாமல் மடவார் வளாகம் போனேன். அவள் புருஷன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன்: அவள் முன்னாலேயே சொன்னாள், எங்களுக்குத் தெரியும், நிற்கச் சொன்னது நாங்கள்தான்.

"அது எனக்குத் தெரியும்," என்றார். "கடிக்குதுன்னு அவ வீட்ல சொன்னா. அக்காட்ட சொல்லிருக்கேன், பாத்துக்கிடுவாவன்னு சொன்னா. இத நீங்க இங்க வந்து சொல்லி என்ன செய்ய? ஸ்டேஷன்ல சொல்லுங்க, எந்த ஊர்ல சொன்னாலும் எழுதிக்கிடுவாவ. அவ கவனமில்லாம செத்தான்னு எழுதி வச்சிருக்காவ. எம் மக நாளைக்கு அதத்தான படிப்பா."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டேன். ஒருவர் கைகாட்டினார். அந்தத் தெரு முனைவரை நடந்தேன். உள்ளே போனால் என் பிள்ளைகளுக்கு அப்பா இருக்கமாட்டார் என்று நினைத்தேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மா இல்லை என்பதும் நினைவில்தான் இருந்தது. பிறகு திரும்பி நடந்து, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.