அடிபம்புக்கு மார்க் போட்டவர்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, அடிபம்புக்கு இடம் பார்க்க ஓர் இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர்; வழுக்கைத் தலையில் ஈரக் கைக்குட்டை. காலையில் இட்லியா பொங்கலா என்பதைக்கூட ருசிக்கு இவ்வளவு, செரிமானத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டுத்தான் முடிவு செய்வார்.

கூலித் தகராறில் ஊர் இரண்டுபட்டிருந்த நேரம். பம்பு தன் தெருவுக்கு வேண்டும் என்றார் மிராசுதார். தங்கள் தெருவுக்கு வேண்டும் என்றார்கள் விவசாயத் தொழிலாளிகள்.

"இடத்த அப்புறம் பேசுவோங்க. இடம் பாக்குறதுல எந்த விஷயத்துக்கு அதிக மார்க் போடலாம்? நீங்களே சொல்லுங்க" என்று மிராசுதாரைக் கேட்டார் இன்ஜினியர்.

கூடியிருந்த ஊரார் எதிரில் மிராசுதார் நியாயமாகத்தான் பேச வேண்டியிருந்தது. "தண்ணிக்கு யாரு ரொம்ப தூரம் நடக்குறாங்கன்னு பாருங்க. அதான் முக்கியம்."

இன்ஜினியர் குச்சியால் தரையில் கணக்குப் போட்டார். மிராசுதார் வீட்டுக் கொல்லையிலேயே கிணறு இருந்தது; மார்க் தொழிலாளர் தெருவுக்கே அதிகம் வந்தது. கணக்கைக் குனிந்து பார்த்த மிராசுதார், "நான் சொன்னதுதானே. அங்கேயே வைங்க" என்றார்.

தொழிலாளர் தெருவில் முதல் தண்ணீர் கொட்டியபோது பெண்கள் குலவையிட்டார்கள்.

"விடை தெரிஞ்சேதான் அவரக் கேட்டீங்களா சார்?" என்றேன்.

"தெரிஞ்சா எதுக்கு சார் கணக்கு?" என்றார், சிரிக்காமல்.

அதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.