முகம் திருப்பிய குதிரையும் கோமதியக்காவும்

"கோமதியக்கா தவறிட்டாவ சார்" என்று விடுதி வார்டன் என் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்துச் சொன்னார். மாரடைப்பு. அக்காவின் ஊரான சீவலப்பேரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற நான், பதற்றத்தில் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் இறங்கி வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். "தம்பிக்குக் காலுல சக்கரம்" என்று அக்கா என்னைச் சொல்வார். கடைசி நாளிலும் அதை மெய்ப்பித்துவிட்டேன்.

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர் அக்கா. கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்த ஒரு வெள்ளைக் குதிரையை ஓட்டிவந்து, பெண்பிள்ளைகள் விடுதியின் முற்றத்தில் கட்டினார். அடியும் தீயும் சாவும் கண்டு வந்த பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு பேசப் போகிற ஆலோசகன் நான். குதிரை என்ன கிழிக்கும் என்று சிரித்தவர்களில் முதல் ஆளும் நான்தான்.

அக்கா வைத்திருந்தது ஒரே விதி. எட்டி நின்று புறங்கையை நீட்ட வேண்டும். குதிரை முகர்ந்தால் தொடலாம். முகத்தைத் திருப்பினால் வந்துவிட வேண்டும். "அது வேண்டாம்னா வேண்டாம்தான். அதுக்கும் மனசு இருக்குல்லா" என்பார்.

வீடு எரிந்ததில் தாயைப் பறிகொடுத்த இசக்கிக்குப் பதினாறு வயது. எட்டு மாதமாக வாய் திறக்கவில்லை. தினமும் புறங்கையை நீட்டி நிற்பாள். குதிரை திரும்பிக்கொண்டால் முகம் கோணாமல் வந்துவிடுவாள்.

பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயிலுக்கு அவளை அழைத்துப்போக வருவதாகத் தாய்மாமன் கடிதம் போட்டார். அது கோயிலோடு நிற்காது. அவளைத் தன் மகனுக்குக் கட்டிவைக்கப்போகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். "பிள்ளை தன் வாயால மாட்டேன்னு சொன்னா நிறுத்திருவேன் சார். கோயிலுக்குன்னுதான கடுதாசி போட்டிருக்காரு, பிள்ளை சொல்லாம நான் என்ன செய்ய?" என்றார் வார்டன். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாள் தவறாமல் போனேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று கெஞ்சினேன், அதட்டவும் செய்தேன். அவள் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அக்காவுக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "மாமன் ஒரு கையைப் பிடிச்சு இழுக்கப்போறான். நீங்க மத்த கையை இழுக்குதீய. பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான் தம்பி." வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாட்களை எண்ணுவதை என்னால் நிறுத்த முடியவில்லை.

மாமன் வேனோடு வந்தார். வெள்ளைக் குதிரையைக் கண்டதும் சாஸ்தாவின் வாகனம் என்று செருப்பைக் கழற்றிவிட்டார். மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசப் போனார். குதிரை முகத்தைத் திருப்பியது. மறுபடி கையை நீட்டினார், மறுபடி திருப்பியது.

"அண்ணாச்சி, அதுக்கு வேண்டாமாம். விட்டுருங்க" என்றார் அக்கா.

மாமன் பதறிப் பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "தப்புதான் சாமி. கேக்காமத் தொட வந்துட்டேன்."

இசக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"நானும் வரல மாமா" என்றாள் இசக்கி.

மாமன் கத்தினார், வார்டனோடு மல்லுக்கு நின்றார். வேன் அவளில்லாமல்தான் திரும்பியது.

குதிரை ஊமையைப் பேசவைத்தது என்று அன்றைக்கே பத்திரிகைக்கு எழுதத் துடித்தேன். "குதிரை என்னத்தச் செஞ்சுது? அது மாட்டேன்னுது, பெரிய மனுசன் ஒருத்தர் கேட்டுக்கிட்டாரு. பிள்ளை அதைப் பாத்துக்கிட்டு நின்னா" என்று அக்கா தடுத்துவிட்டார்.

நேற்று விடுதிக்குப் புதிதாக ஒரு சிறுமி வந்திருந்தாள். என் முதல் கேள்விக்கே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டாவது கேள்வி நாக்கு நுனியில் நின்றது. நோட்டை மூடிவிட்டு, "சரிம்மா, போயிட்டு வாரேன்" என்று எழுந்து வந்தேன். அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது இது ஒன்றுதான். இன்னும் சரியாகப் பழகவில்லை. தெருமுனைக்குள் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தேன்.

ஆனால் நான் உள்ளே போகவில்லை, அக்கா.