ஃபைல்காரரும் சர்ச் மைதானமும்

என் மனைவியின் அண்ணனைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃபைல்காரர் என்றால்தான் தெரியும். அக்குளில் எப்போதும் ஒரு பச்சை அட்டை ஃபைல். கடைக்குப் போனாலும் கூடவே போகும். முடி வெட்டிக்கொள்ளும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தா. எந்த மனை எத்தனையாம் எண் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த மனைகளில் ஏதாவது ஒன்றின் மண் அவர் செருப்பில் ஒட்டியிருந்தால் நான் மீசையை எடுத்துவிடுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பன்னிரண்டு வயதில் சாக்கடைக் குழியில் இறங்கினேன். இன்று இரண்டு லாரி, ஒரு ஜேசிபி, பதினாறு ஆட்கள். இந்த ஊரில் பாதி வீட்டுக் கழிவுநீர் நான் பதித்த குழாயில்தான் ஓடுகிறது. எவனும் கைதூக்கி விடவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைச் சொன்னால் மச்சான் சிரிப்பார். "மாப்பிள்ளைக்கு எல்லாம் கையிலதான், பேப்பர்ல ஒண்ணும் கிடையாது" என்பார்.

சர்ச்சுக்குப் பின்னால் இரண்டரை ஏக்கர் காலி நிலம். சொந்தம் சர்ச்சுக்கு. ஆனால் நகரசபை வரைபடத்தில் திறந்தவெளி என்று பச்சை பூசியிருக்கும், எதுவும் கட்டக்கூடாது. பிள்ளைகள் பந்து விளையாடும். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலையில் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். மழை பெய்தால் மூன்று தெருத் தண்ணீரும் அங்கே வந்து இரண்டு நாள் நின்று, தானாகக் கீழே இறங்கிவிடும். அதன் பள்ளமான மூலையில் என் இளைய மகள் வீடு. மைதானத்தைவிட வாசற்படி ஒரு முழம்தான் உயரம். மைதானத்தில் மண்ணடித்து மேடாக்கினால், அந்தத் தண்ணீருக்கு என் மகள் வீட்டுக் கூடத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

சர்ச் கட்டடக் குழுவுக்கு அங்கே நாலு மாடி மண்டபமும் கார் நிறுத்த இடமும் வேண்டுமென்று ஆசை வந்தது. அதற்கு முதலில் வரைபடத்தில் பச்சையை அழித்துக் கட்டட நிலம் என்று மாற்ற வேண்டும். குழுவின் செயலாளர் நம் ஃபைல்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டில் அவர் பேச்சை நாய்கூடக் கேட்பதில்லை, சர்ச்சில் கேட்டார்கள். தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. மனு போட்ட அன்றே அடிக்கல் வெட்ட ஆர்டர் கொடுத்துவிட்டார். கறுப்புக் கல். மேலே போதகர் பெயர், கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் செயலாளர் பெயர்.

வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

"மச்சான், அது தண்ணி நிக்கிற எடம். மேடாக்கினா உங்க தங்கச்சி மக வீட்டுக்குள்ளதான் பாயும்."

"மண் பரிசோதனை பண்ணியாச்சு மாப்பிள்ளை. பன்னண்டு அடி வரைக்கும் கெட்டி மண்ணு. தாள் இருக்கு."

"தாள் இருக்கட்டும். துளை போட்ட மெஷின் எங்க நின்னுச்சு?"

"சைட்லதான்."

"சைட்ல எங்க?"

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது. காபி ஆறுது, குடிங்க."

வீட்டுக்கு வந்தால் மனைவி அண்ணன் கட்சி. "எங்கண்ணன் முப்பது வருசமா நெலத்தோடயே இருந்துச்சு. நீங்க குழிக்குள்ள இருந்தீங்க. பெத்த பொண்ணு மாதிரி நெனைக்கிறவளுக்கு அது கெடுதல் பண்ணுமா?" என்றாள். ஒரு வாரம் தட்டை வைக்கிற சத்தம்தான், பேச்சில்லை.

சண்டை நடந்த மறுநாளே மைதானத்துக்குப் போனேன். வாசலிலிருந்து இரண்டு சக்கரத் தடம். பதினைந்தடி உள்ளே போய், முழங்கால் ஆழம் புதைந்து, அதே வழியாகத் திரும்பியிருந்தது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த பலகை இன்னும் சேற்றில் கிடந்தது. எனக்கு விளங்கிவிட்டது. துளை போடும் லாரி அந்தப் பதினைந்தடியைத் தாண்டவே இல்லை.

நகரசபை மாடியில் கருத்துக்கேட்புக் கூட்டம். திறந்தவெளியைக் காப்போம் என்று பட்டாம்பூச்சிப் படம் போட்ட அட்டையோடு பத்துப் பேர் வந்திருந்தார்கள். படித்தவர்கள். ஒருத்தர் கவிதை வாசித்தார். இன்னொருத்தர் குருவிகளின் மனநிலையைப் பற்றிப் பேசினார். தண்ணீர் எங்கே போகும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நகரசபைத் தலைவியம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சான் எழுந்து கால்மணி நேரம் மணிமணியாகப் பேசினார். பொய்யை அவ்வளவு தெளிவாக நான் கேட்டதில்லை.

நான் எழுந்தேன். "அம்மா, நான் படிக்காதவன். ஒரே கேள்விதான். மண்ணெடுத்த மெஷின் எங்க நின்னுச்சு?"

மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாம் ஃபைல்ல வரிசையா இருக்குங்கம்மா, நீங்களே பாத்துக்கலாம்" என்று பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்தம்மா புரட்டினார். நாற்பத்தோராம் தாளில் கை நின்றது. துளை போட்டவர் கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டு அது. சத்தமாகப் படித்தார்: "மைதானத்தில் லாரி புதைந்துவிட்டது. செயலாளர் சொன்னபடி சர்ச் முன்வாசல் சிமெண்டுத் தளம் ஓரமாகத் துளை போடப்பட்டது."

படித்துவிட்டு அந்தம்மா மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தச் சீட்டை நீங்களா இதுல வெச்சீங்க?"

"வந்த தாளை வெக்காம எப்படிங்கம்மா? நம்பர்கூட போட்டிருக்கேன் பாருங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. வேறு எவனாக இருந்தாலும் அந்தச் சீட்டை அன்றைக்கே கிழித்துக் குப்பையில் போட்டிருப்பான். இவருக்கு வாயால் புளுகத் தெரியும், கையால் ஒரு தாளைக் கிழிக்க வராது. முப்பத்தொரு வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். உருப்படியாக ஒரு திருட்டுத்தனம் செய்யக்கூட லாயக்கில்லை.

மனு தள்ளுபடி. பச்சை பச்சையாகவே இருக்கிறது. அடுத்த மழையில் மைதானத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மகள் வீட்டு வாசற்படி நனையவில்லை. மனைவி அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு இரண்டாம் முறை காபி கொடுத்தாள். பட்டாம்பூச்சிக்காரர்கள் தாங்கள்தான் ஜெயித்ததாக விழா எடுத்தார்கள். எனக்கு அழைப்பு இல்லை. போதகர் இப்போது முன்வாசலிலேயே ஒற்றை மாடியில் சிறிய கூடம் கட்டுகிறார். அடித்தளம் தோண்டுவது நான்தான். அங்கே பன்னிரண்டு அடிவரை கெட்டி மண். அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை.

அடிக்கல் வெட்டியவர், கல் தன் இடத்தை அடைக்கிறது என்று தொந்தரவு செய்ய, மச்சான் என்னிடம்தான் வந்தார். "மாப்பிள்ளை, லாரி ஏதாவது சும்மா நிக்குதா?"

நானே ஓட்டிப் போனேன். நாலு பேர் இறக்கினார்கள்.

"எங்க போடறது மச்சான்?"

"கொல்லையில. எழுத்து கீழ இருக்கட்டும்."

இப்போது அதில் அவர் மனைவி துணி துவைக்கிறாள்.

கிளம்பும்போது மச்சான் நிறுத்தினார். ஒரு தாளை நீட்டினார். அடிக்கல் ஒன்று, உடையாமல் கொண்டுவந்து சேர்க்கப்பட்டது என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். "ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

போட்டேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. அவர் அதில் இரண்டு ஓட்டை போட்டு, மூலையில் ஐம்பத்தெட்டு என்று எழுதி, ஃபைலில் கோத்துக்கொண்டார்.